இச், நி, சான்: ஒரு கராத்தே மாஸ்டரின் நாற்பது வருடம் எங்கே போகிறது?

காலை ஐந்தேமுக்கால் மணிக்கு நாகர்கோவிலைச் சுற்றி ஏதாவது ஒரு பள்ளி மைதானத்தைத் தாண்டிப் போனால் இந்தச் சத்தம் காதில் விழும். "இச்... நி... சான்... ஷி..." ஜப்பானிய மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வொரு எண்ணுக்கும் முப்பது நாற்பது பிள்ளைகள் காற்றில் குத்துகிறார்கள். பாதிப் பேருக்குத் தூக்கம் கலையவில்லை. ஒருவன் வலது கைக்குப் பதில் இடது கையை நீட்டிவிட்டு, பக்கத்தில் நிற்பவனை ஓரக்கண்ணால் பார்த்து மாற்றிக்கொள்கிறான். முன்னால் நிற்கும் மாஸ்டருக்கு அறுபதை ஒட்டிய வயது, இடுப்பில் கட்டியிருக்கும் கறுப்பு பெல்ட் மடிப்பெல்லாம் நைந்து உள்ளே இருக்கிற வெள்ளைத் துணி தெரிகிறது.

நானும் இப்படி ஒரு வரிசையில் நின்றவன்தான். ஆறாம் வகுப்பில் சேர்ந்து, ஒன்பது முடியும்வரை பழகி, பச்சை பெல்ட்டோடு நின்றுபோனேன். பத்தாம் வகுப்பு டியூஷன், வேறென்ன. போன வருடம் மகளைச் சேர்க்கலாம் என்று அதே மைதானத்துக்குப் போனால் அதே மாஸ்டர், அதே இடம், அதே "இச், நி, சான்". என்னைக் கண்டதும், "மக்கா, நீ அந்தப் பச்சை பெல்ட்டுல முங்குன பயதானே?" என்றார். ஞாபகம் வைத்திருக்கிறாரே என்று ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் கூச்சம்.

அன்றைக்கு அங்கே உட்கார்ந்து பார்த்தபோதுதான் இந்தக் கேள்வி வந்தது. நாற்பது வருடமாக ஒரு கலையைப் பழகுகிற மனிதர், ஆறாவது டான் (கறுப்பு பெல்ட்டிலிருந்து தொடங்குகிற படிநிலை) வாங்கியவர், தன் நேரத்தில் முக்கால்வாசியை எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு முதல் குத்தைச் சொல்லிக்கொடுப்பதிலேயே செலவழிக்கிறார். இசையிலோ வைத்தியத்திலோ பெரிய ஆட்கள் இப்படி வருடம் முழுக்க ஆனா ஆவன்னா நடத்திக்கொண்டிருப்பதில்லையே? கராத்தேயில் மட்டும் ஏன் இப்படி? இதற்கான பதில் நம்மூரில் இல்லை. 1901ல், ஒக்கினாவாத் தீவில், ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறது.

ஒக்கினாவா என்பது ஜப்பானின் தெற்கு முனையில் கிடக்கிற தீவுக் கூட்டம். முன்பு ரியூக்யூ என்ற தனி ராஜ்யம். 1609ல் தெற்கு ஜப்பானின் சட்சுமா குலத்துக்காரர்கள் படையெடுத்து அடக்கினார்கள், 1879ல் ஜப்பான் அதை முறைப்படி தன் மாகாணமாக ஆக்கிக்கொண்டது. சீனாவோடு நீண்ட கால வியாபாரத் தொடர்பு இருந்ததால் அங்கிருந்து வந்த சண்டை முறைகளும் உள்ளூர் முறைகளும் கலந்து "தே" என்று ஒன்று உருவானது. தே என்றால் கை, பின்னாளில் கராத்தே ஆனது இதுதான். ஷுரி, நாஹா, தோமாரி என்று ஊருக்கு ஒரு சாயல். பழகியவர்கள் பலர் அரண்மனை உத்தியோகஸ்தர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். பழகியது ரகசியமாக, பெரும்பாலும் ராத்திரியில், வீட்டு முற்றத்தில். ஒரு குருவுக்கு ஒன்றிரண்டு சீடர்கள் இருந்தாலே அதிகம்.

அந்தக் காலப் பயிற்சி எவ்வளவு மெதுவானது என்பதற்கு ஃபுனாகோஷி கிச்சினை (1868–1957) எடுத்துக்கொள்ளலாம். இன்று உலகம் முழுக்க இருக்கிற ஷோட்டோகான் பாணியின் தந்தை. அவர் இளைஞராக இருந்தபோது நைஹான்சி என்ற ஒரே தொகுதியில் வருகிற மூன்று கட்டாக்களைக் கற்கவே பத்து வருடம் எடுத்துக்கொண்டவர். கட்டா என்பது கற்பனை எதிரிகளோடு தனியாகச் செய்யும் வரிசைக்கிரமமான அசைவுகள், சிலம்பத்தில் வருகிற சுவடு மாதிரி. மூன்றுக்குப் பத்து வருடம்! இன்று ஒரு பையனிடம் ஒரே கட்டாவை ஆறு மாதம் செய்யச் சொல்லுங்கள், அம்மா வந்து கேட்பார்.

இந்த அமைப்பை உடைத்தவர் இட்டோசு ஆன்கோ (1831–1915). ரியூக்யூ அரசரிடம் எழுத்தராக வேலை பார்த்தவர், ராஜ்யமே போன பிறகு முதுமையில் ஒரு முடிவெடுத்தார். 1901ல் ஷுரியில் ஒரு தொடக்கப் பள்ளியில் கராத்தேயை உடற்பயிற்சி வகுப்பாகக் கொண்டுவந்தார். 1908ல் ஜப்பானின் கல்வி அமைச்சகமும் போர் அமைச்சகமும் பார்ப்பதற்காகப் பத்து குறிப்புகள் கொண்ட ஒரு கடிதம் எழுதினார். அதில் ஒரு குறிப்பு எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கராத்தே சீக்கிரம் வராது, மெதுவாக நடக்கிற காளை கடைசியில் ஆயிரம் காதம் போய்ச் சேருகிற மாதிரி, தினம் ஒன்றிரண்டு மணி நேரம் பழகினால் மூன்று நான்கு வருடத்தில் உடம்பே வேறாகத் தெரியும் என்கிறார்.

இவ்வளவு பொறுமையைப் பற்றிப் பேசியவர்தான் கராத்தேயைப் பிள்ளைகளுக்கு ஏற்றமாதிரி சுருக்கவும் செய்தார். பழைய நீண்ட கட்டாக்களைப் பிரித்து பின்ஆன் என்று ஐந்து சின்னக் கட்டாக்களைக் கட்டினார். ஆபத்தான அடிகள் பின்னுக்குப் போயின. அசைவின் பொருளைச் சொல்லாமல் அசைவை மட்டும் சொல்லிக்கொடுக்கிற வழக்கம் வந்தது. முக்கியமாக, ஒருத்தருக்கு ஒருத்தர் என்றிருந்தது மாறி, வரிசையாக நிற்க வைத்து எண்ணிக்கை சொல்லி எல்லாரையும் ஒரே நேரத்தில் குத்தச் சொல்லும் முறை வந்தது. அது சண்டைக் கலையிலிருந்து வந்த வழக்கமே கிடையாது. அந்தக் காலத்து ஜப்பானியப் பள்ளிகளில் நடந்த ராணுவ டிரில்லிலிருந்து வந்தது. நம்மூர் மைதானத்தில் காலையில் கேட்கிற "இச், நி, சான்" பிறந்தது அங்கேதான்.

அதனால்தான் சொல்கிறேன், கராத்தே மாஸ்டர் என்கிற தொழிலே பள்ளிக்கூடத்தோடு சேர்ந்து பிறந்த தொழில். பிள்ளைகள் கூட்டமாக வரவேண்டும், வந்தால்தான் அது நடக்கும்.

இதை நம் மாவட்டத்து ஆசான்களோடு ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகப் புரியும். கன்னியாகுமரி மாவட்டத்தில் சண்டைக் கலைக்கு ஒரு காலமும் பஞ்சம் இருந்ததில்லை. அடிமுறை, வர்மம், சிலம்பம் என்று மார்த்தாண்டம், குலசேகரம், தக்கலை, குளச்சல் எங்கும் களரிகள் இருந்தன, சிலது இன்றும் இருக்கிறது. அகத்தியரைக் குருவாகச் சொல்லும் மரபு. வர்மம் என்றால் அடிபட்டால் ஆபத்தாகிற உயிர்நிலை. உடம்பில் 108 வர்மம், அதில் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று கணக்கு. குளச்சலில் 1741ல் டச்சுக்காரர்களைத் தோற்கடித்த மண், தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் 1809ல் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த மண். அந்தக் கிளர்ச்சி தோற்றபின் திருவிதாங்கூர்ப் படையைப் பெருமளவு கலைத்துவிட்டார்கள்.

ஆசான் எப்படிப் பிழைத்தார்? சிஷ்யன் தருகிற காசில் இல்லை, வைத்தியத்தில். தென்னையிலிருந்து விழுந்தவன், ரப்பர் தோட்டத்தில் வழுக்கியவன், வள்ளத்தில் அடிபட்டவன் எல்லாரும் வர்மாணியிடம்தான் போனார்கள். எலும்பு பொருத்திக் கட்டு போடுவது, எண்ணெய் காய்ச்சித் தடவுவது, வர்மம் கொண்டவனை இளக்கி எடுப்பது, இதெல்லாம்தான் வருமானம். மார்த்தாண்டம், குழித்துறைப் பக்கம் ரோட்டோரமாக வர்ம வைத்தியசாலை போர்டுகளை இன்றும் பார்க்கலாம். சோறு போட வைத்தியம் இருந்ததால் ஆசானுக்குச் சிஷ்யர் எண்ணிக்கை பற்றிக் கவலையில்லை. நான்கு பேருக்கு மட்டும் சொல்லிக்கொடுக்கலாம், அதிலும் மூன்று பேரைக் குணம் சரியில்லை என்று வர்மம் சொல்லாமலே அனுப்பிவிடலாம். அடிக்கிற இடம் தெரிந்தவனுக்கு எடுக்கிற வழியும் தெரியவேண்டும் என்பது அங்கே விதி, அதற்கு வருடக்கணக்கில் கூடவே இருந்தாக வேண்டும்.

கராத்தே மாஸ்டருக்கு அந்த வைத்தியம் இல்லை. மாத பீஸ் மட்டும்தான். 1922ல் ஃபுனாகோஷி டோக்கியோவுக்குப் போய்க் கராத்தேயைச் செய்துகாட்டியபோது அவருக்கு வயது 53, முப்பது வருடம் பள்ளி வாத்தியாராக இருந்துவிட்டுப் போனவர். அங்கேயே தங்கிச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கிய ஆரம்ப வருடங்களில் ஒக்கினாவா மாணவர் விடுதி ஒன்றில் தங்கி, அந்த விடுதியைக் கூட்டிப் பெருக்கி, தோட்டம் பார்த்து, காவல் வேலையும் செய்துகொண்டு, கூடம் காலியாக இருக்கிற நேரத்தில் வகுப்பு நடத்தினார். கோஜு பாணியை உருவாக்கிய மியாகி சோஜுன் (1888–1953) வசதியான வீட்டுப் பிள்ளை, ஆனால் குடும்பச் சொத்தைக் கலையில் கரைத்தார் என்றுதான் சொல்வார்கள். உலகம் கொண்டாடுகிற ஆட்களின் கதையே இது. நாகர்கோவிலில் ஒரு மாஸ்டர் பகலில் எல்.ஐ.சி. ஏஜென்டாகவும் காலையிலும் மாலையிலும் மாஸ்டராகவும் இருந்தால் அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். நாற்பது பிள்ளைகள், தலைக்கு மாதம் 500 ரூபாய். இருபதாயிரம். அதில் இடத்துக்கு வாடகை, பெட்ரோல், போட்டிக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகிற செலவு. மே மாதம் லீவில் கூட்டம் அலைமோதும், ஜூனில் பள்ளி திறந்ததும் பாதியாகும். நம்மூருக்கு இரண்டு பருவமழை வேறு. ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு. மைதானத்தில் வகுப்பு நடத்துகிறவருக்கு வருடத்தில் இரண்டு தடவை வருமானம் நனைகிறது. மழை வந்தால் பள்ளி வராந்தா, இல்லையென்றால் சர்ச் ஹால், அதுவும் கிடைக்காவிட்டால் யாராவது தெரிந்தவரின் கல்யாண மண்டபம்.

இந்த நாற்பதில் முப்பத்தைந்து பேர் வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு பெல்ட்டுதான். பெல்ட் ஏற ஏற ஆள் குறையும். என்னைப் போலப் பத்தாம் வகுப்பில் நிற்பவர்கள் ஒரு கூட்டம், பன்னிரண்டாம் வகுப்பில் நிற்பவர்கள் இன்னொரு கூட்டம். தப்பித்தவறி கறுப்பு பெல்ட் வரை வருகிற ஒருவன் நன்றாகச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கும் நேரத்தில் கல்ஃபுக்கு விசா வந்துவிடும். மாஸ்டருக்குச் சோறு போடுவது வெள்ளை பெல்ட், மாஸ்டரின் வித்தையைத் தொடர வேண்டியவன் துபாயில்.

பெல்ட் என்றதும் ஒரு விஷயம். வெள்ளை பெல்ட்டைத் துவைக்காமல் கட்டிக்கட்டி அழுக்கேறிக் கறுத்துப் போனதுதான் கறுப்பு பெல்ட் என்று ஒரு கதை எல்லா ஊரிலும் சுற்றுகிறது, என் மாஸ்டரும் சொன்னார், நானும் வெகுகாலம் நம்பினேன். அழகான கதை. உண்மை என்னவென்றால் அது ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோவின் (1860–1938) யோசனை. அவர் 1883ல் முதன்முதலாகத் தன் மாணவர்கள் இரண்டு பேருக்கு டான் கொடுத்தார், கறுப்பு பெல்ட் அதன்பின் வந்தது. ஃபுனாகோஷி அதைக் கடன் வாங்கி 1924ல் தன் மாணவர்களுக்கு முதல் டான் வழங்கினார். மஞ்சள், பச்சை, நீலம் என்று கலர் வந்தது ஐரோப்பாவில், அதுவும் ஜூடோ வகுப்புகளில். கானோவும் ஒரு கல்வியாளர்தான் என்பதைக் கவனியுங்கள். மறுபடியும் பள்ளிக்கூடம். பெல்ட் என்பது வகுப்பு ஏறுகிற மாதிரி, பிள்ளைக்கு ஒரு படி முன்னால் தெரிகிற இன்னொரு படி.

கறுப்பு பெல்ட்டுக்கு மேலே போகிற பாதைதான் மாஸ்டரின் சொந்தப் பாதை. பல அமைப்புகளில் டான் ஏறுவதற்குக் காத்திருப்புக் காலம் உண்டு, ஏறக்குறைய டான் எண் எத்தனையோ அத்தனை வருடம். பதினெட்டு வயதில் முதல் டான் வாங்கிய ஒருவர், ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் எல்லாத் தேர்விலும் தேறினாலும், இரண்டாவதுக்கு 20, மூன்றாவதுக்கு 23, நான்காவதுக்கு 27, ஐந்தாவதுக்கு 32, ஆறாவதுக்கு 38, ஏழாவதுக்கு 45, எட்டாவதுக்கு 53 வயது ஆகிவிடும். அதனால் ஏதாவது திருப்பத்தில் பிளெக்ஸ் போர்டில் முப்பது வயதுக்காரர் எட்டாவது டான் என்று சிரித்துக்கொண்டு நின்றால், ஒரு சின்னக் கழித்தல் கணக்கு போட்டுப் பாருங்கள். அந்த டான் எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூட வேண்டாம்.

சரி, இந்த வருடங்களில் மாஸ்டர் தனக்காக என்ன பழகுகிறார்?

வெளியிலிருந்து பார்த்தால் புதிதாக ஒன்றுமே பழகுவதில்லை. அதே கட்டா, அதே குத்து. இருபது வயதில் அந்தக் குத்து தோளிலிருந்தும் கையிலிருந்தும் வருகிறது, வேகம் உண்டு, ஆர்ப்பாட்டம் உண்டு. முப்பதைத் தாண்டும்போது இடுப்பு முதலில் திரும்பவேண்டும், கை அதன் பின்னால் போனால் போதும் என்பது உடம்புக்குப் புரிகிறது. மண்டைக்கு அது முதல் மாதமே தெரியும், உடம்புக்குத்தான் பத்து வருடம். ஐம்பதுக்கு மேல் வேகம் குறையும், உதை தலை உயரத்துக்குப் போகாது. அப்போது மிஞ்சுவது தூரமும் நேரமும். எதிரில் நிற்பவன் தோள் அசைவதைப் பார்த்தே அரை அடி நகர்ந்துவிடுகிறார்கள். ஒரு தடவை சும்மா விளையாட்டாக என் மாஸ்டரை நோக்கிக் கை ஓங்கிப் பார்த்தேன். அவர் தடுக்கவே இல்லை, கையை எடுக்கவும் இல்லை. என் கை போய்ச் சேர்ந்தபோது அவர் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

இதற்கு உடம்பு கொடுக்கிற விலையையும் சொல்லியாக வேண்டும், யாரும் சொல்வதில்லை. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இங்கே பழகியவர்களின் முழங்காலைக் கேட்டுப் பாருங்கள். உட்கார்ந்த நிலையிலேயே மைதானத்தைச் சுற்றி வாத்து நடை, நூறு தவளைத் தாவல், காற்றில் முழு வேகத்தில் காலை நீட்டி மூட்டைப் பூட்டுகிற உதை. எதிரில் பையோ ஆளோ இருந்தால் அந்த வேகத்தை அது வாங்கிக்கொள்ளும், காற்று வாங்காது, உங்கள் மூட்டேதான் வாங்கவேண்டும். ஜப்பானில் மரத்தளத்தில் செய்ததை நாம் சிமெண்டுத் தரையில் செய்தோம். என் மாஸ்டர் இப்போது படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்கிறார். வகுப்பில் வாத்து நடையை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. "அறிவில்லாம செஞ்சோம் மக்கா, எங்க மாஸ்டர் செய்யச் சொன்னாரு, அவருக்கு அவர் மாஸ்டர் சொன்னாரு" என்றார்.

மணல் பரவாயில்லை. வருடத்துக்கு ஒரு தடவை சொத்தவிளைக் கடற்கரையில் கேம்ப் போடுவார்கள், விடியும் முன்னே வேனில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு. தளர்ந்த மணலில் சும்மா நடப்பதற்கே கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி வேண்டும் என்று அளந்து பார்த்திருக்கிறார்கள், காலால் தள்ளுகிற சக்தியில் ஒரு பங்கை மணலே தின்றுவிடுகிறது. மூட்டுக்கு அடி கம்மி, தொடைக்கு வேலை அதிகம். அலையில் இடுப்பளவு நின்று குத்துவதெல்லாம் போட்டோவுக்குத்தான், அதையும் குறை சொல்ல மனமில்லை. அந்த ஒரு போட்டோவால் அடுத்த மாதம் ஐந்து பிள்ளைகள் சேர்ந்தால் வாடகை தீரும்.

ஓடு உடைப்பதும் அந்தக் கணக்குதான். பள்ளி ஆண்டுவிழா, கோயில் கொடை, சர்ச் திருவிழா எதிலும் கராத்தே என்றால் ஜனங்கள் எதிர்பார்ப்பது ஓடு. இதில் மந்திரம் இல்லை, ஏமாற்று என்றும் சொல்ல முடியாது. ஓட்டின் இரண்டு முனையையும் தாங்கி நடுவில் அடித்தால் மேல்பக்கம் அமுங்கும், அடிப்பக்கம் இழுபடும். சுட்ட மண் அமுக்கத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது, அதனால் அடியிலிருந்து விரிசல் விடும். ஓடுகளுக்கு இடையே சின்னக் கட்டையோ குச்சியோ வைத்து இடைவெளி விடுவார்கள். இடைவெளி இருந்தால் ஒவ்வொரு ஓடும் தனித்தனியாக உடையும், உடைந்தது விழுந்து அடுத்ததையும் சேர்த்து உடைக்கும். இடைவெளியே இல்லாமல் பத்து ஓட்டை ஒட்டி அடுக்கி உடைக்கச் சொல்லுங்கள், பாதிப் பேர் மைக்கைப் பிடித்துப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். இதில் தேவையான உண்மையான திறமை ஒன்றுதான்: ஓட்டின் மேல் கையை நிறுத்தாமல் அதற்கு ஒரு சாண் கீழே வரை போகவேண்டும். பயந்து பாதியில் நிறுத்தியவன்தான் கையை உடைத்துக்கொள்கிறான்.

கையை உடைத்துக்கொண்டவர்களில் எனக்குப் பிடித்தவர் கனஸாவா ஹிரோகாஸு (1931–2019). 1957ல் ஜப்பானில் நடந்த முதல் அகில ஜப்பான் கராத்தே போட்டிக்குச் சில நாள் முன்பு அவருக்குக் கை முறிந்தது. ஆனாலும் இறங்கி, ஒரு கையை வைத்தே ஆடி, குமிதேயில் ஜெயித்தார். குமிதே என்றால் ஆளோடு ஆள் மோதுவது. இந்தக் கதையை எல்லா மாஸ்டரும் பிள்ளைகளிடம் சொல்வார்கள். அதே மனிதர் பிற்பாடு தாய்ச்சியும் பழகி, எழுபதைத் தாண்டியும் நாடு நாடாகப் போய் வகுப்பு எடுத்ததை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. எனக்கு என்னமோ இரண்டாவதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. ஒரு நாள் வலியைத் தாங்கிவிடலாம்.

இனி பெற்றோர் பக்கம். சேர்க்க வருகிற பத்துப் பேரில் ஏழெட்டுப் பேர் கேட்கிற முதல் கேள்வி, "மாஸ்டரே, சர்டிபிகேட் கவர்மென்ட்டுல எடுப்பாங்களா?" விளையாட்டு ஒதுக்கீடுதான் மனதில். நியாயமான கேள்வி, பதில்தான் சிக்கல். கராத்தேக்கு நாட்டில் ஒரே அமைப்பு என்று ஒரு காலமும் உருப்படியாக இருந்ததில்லை. ஒவ்வொரு பாணிக்கும் ஒரு சங்கம், ஒவ்வொரு சங்கத்துக்கும் ஒரு பிளவு. 2020ல் உலகக் கராத்தே கூட்டமைப்பே இந்தியச் சங்கத்தின் அங்கீகாரத்தை நிறுத்திவைத்தது. அந்த நேரத்தில் வாங்கின சர்டிபிகேட்டை வைத்துக்கொண்டு நின்ற பிள்ளைகளுக்கு மாஸ்டர்கள் என்ன பதில் சொல்லியிருப்பார்கள்? இதற்கிடையே 2021ல் தமிழக அரசு வேலைவாய்ப்புக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பத்தைச் சேர்த்தார்கள். விளைவு, கராத்தே மாஸ்டர்கள் சிலர் கம்பையும் கையில் எடுத்தார்கள். கிண்டலாகச் சொல்லவில்லை, இந்த மாவட்டத்தில் பலருக்குச் சிலம்பம் முதலிலேயே தெரியும், தாத்தா வழியில் வந்ததைத் தூசி தட்டினார்கள்.

ஒலிம்பிக்கிலும் ஒரு தடவை வந்துபோனது. டோக்கியோ 2020, கொரோனாவால் 2021ல் நடந்தது. ஆண்கள் கட்டாவில் தங்கம் வாங்கியவர் கியூனா ரியோ, ஒக்கினாவாக்காரர், அந்தத் தீவிலிருந்து ஒலிம்பிக் தங்கம் வாங்கிய முதல் ஆள். அது பொருத்தம். குமிதேயில் நடந்த கூத்துதான் எல்லாருக்கும் ஞாபகம். 75 கிலோவுக்கு மேற்பட்டோர் இறுதிப் போட்டியில் சவுதியின் தாரெக் ஹமேதி 4–1 என்று முன்னிலையில் இருந்து, ஈரானின் சஜ்ஜாத் கன்ஜ்சாதேயின் தலையில் ஒரு உதை விட்டார். கன்ஜ்சாதே மயங்கி விழுந்தார், ஸ்ட்ரெச்சரில் தூக்கிக்கொண்டு போனார்கள், தங்கமும் அவருக்கே. அடித்தவர் அளவுக்கு மீறி அடித்ததற்காகத் தகுதி இழந்தார். டீக்கடையில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். போட்டிக் கராத்தேயின் விதியே அதுதான், அடி போய்ச் சேரவேண்டும், சேதம் பண்ணக்கூடாது, கட்டுப்பாடு தவறினால் நீ தோற்றாய். எட்டு வயதுப் பிள்ளைகளை ஒருவரோடு ஒருவர் மோதவிட்டும் எல்லாரும் பல்லோடு வீட்டுக்குப் போகிறார்கள் என்றால் இந்த விதிதான் காரணம். 2024 பாரிஸில் கராத்தே இல்லை.

அரசுப் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்குத் தற்காப்புப் பயிற்சி என்று மத்திய அரசின் சமக்ர சிக்‌ஷா வழியாக ஒரு திட்டம் ஓடுகிறது. பள்ளிக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் மூன்று மாதம். மாஸ்டர்களுக்கு அது ஒரு சின்ன ஆறுதல். மூன்று மாதத்தில் சண்டை போடக் கற்றுக்கொடுக்க முடியாது, முடியும் என்று சொல்கிற மாஸ்டரிடம் பிள்ளையை விடாதீர்கள். ஆனால் கியாய் என்று ஒன்று இருக்கிறது, அடிவயிற்றிலிருந்து கத்துவது. சத்தமாகப் பேசினாலே "பொம்பளப் பிள்ள அடக்கமா இரு" என்று கேட்டு வளர்ந்த ஒரு பெண் இருபது பேர் முன்னால் முழுத் தொண்டையில் கத்துவதற்கு முதல் வாரம் முடியவே முடியாது, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். மூன்றாவது வாரம் கத்துவாள். மூன்று மாதத்தில் அது நடக்கும், நான் என் கண்ணால் பார்த்தது.

என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். போன அக்டோபரில் ஒரு நாள் விடியற்காலையிலேயே நல்ல மழை. வராந்தாவில் நான்கே பிள்ளைகள். மாஸ்டர் எங்களுக்கு முன்னாலேயே வந்திருந்தார். நாங்கள் நனைந்துகொண்டு ஓடி ஏறியபோது அவர் தூணுக்கு அந்தப்பக்கம் தனியாகக் கட்டா செய்துகொண்டிருந்தார், ஹெய்ஆன் ஷோடான். வெள்ளை பெல்ட்டுக்காரர்கள் முதன்முதலில் படிக்கிற கட்டா, மொத்தம் 21 அசைவு. இட்டோசு பிள்ளைகளுக்காகக் கட்டின ஐந்து பின்ஆன்களில் இரண்டாவது அது. முதலாவதைவிட எளிதாக இருக்கிறதென்று ஃபுனாகோஷி அதை முதலாவதாக மாற்றி வைத்தார், பின்ஆன் என்ற பெயரையும் ஹெய்ஆன் என்று மாற்றினார். ஆறாவது டான்காரர், யாரும் பார்க்காதபோது, அதைத்தான் செய்துகொண்டிருந்தார். பின்னால் திரும்புகிற இடத்தில் வலது முழங்கால் லேசாகத் தயங்கியது. நின்றார். திரும்ப முதலிலிருந்து தொடங்கினார்.

அப்புறம் எங்களைப் பார்த்துவிட்டு வந்து, நாலு பேரையும் வரிசையில் நிறுத்தினார். அன்றைக்கு முழு மணி நேரமும் அந்த ஒரு திரும்பல் மட்டும்தான். என் மகள் ஒவ்வொரு தடவையும் தப்பான பக்கம் திரும்பி, பக்கத்துப் பையனோடு மூக்குக்கு மூக்கு போய் நின்றாள். "ஓஸ்" என்று கராத்தே வணக்கம் சொல்லிவிட்டு இருவரும் சிரித்தார்கள்.

"கால முதல்ல பாரு பிள்ளே, அப்புறம் திரும்பு. இன்னொருக்க. இச்."